தீச்சங்கிலிக்கு இரவல் வாங்கிய பாய்

"…அதுவும் எரிக்கிறதுக்கெண்டு கேட்டால் ஒரு சாண்கூடத் தரமாட்டன். தம்பி குறை நினைக்கப்படாது."

இதைச் சொல்லிவிட்டு சந்தியோகு அண்ணன் ஊசியை மறுபடியும் துணிக்குள் இறக்கினார். மன்னாரில், பள்ளிமுனையில் யானைக்கால் மாதிரிப் பருத்த ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து அவர் மீன்பிடி வள்ளங்களுக்குப் பாய் தைக்கிறார். உள்ளங்கையில் ஒரு தோல்பட்டை மாட்டியிருந்தார். அதை வைத்து ஊசியின் முதுகைத் தள்ளுகிறார். வாய் பேசப் பேசக் கை நிற்பதில்லை. நான் அவர் முன்னால், சுடுகிற மணலில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்டது அவர் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த வெள்ளைப் பாயில் கொஞ்சம் துணி. அது கிடைக்காவிட்டால் நான் கடல் தாண்டி வந்த வேலை அவ்வளவுதான்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் அக்கரை, ராமநாதபுரத்துக் கடற்கரை. தொழில் தகரவேலை, விளக்கும் புனலும் எண்ணெய்க் குடுவையும் செய்வேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற காகிதத்தில் படித்ததுதான். தீச்சங்கிலி சுழற்றுவதும் அப்படித்தான், பார்த்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு சுட்டுக்கொண்டு பழகியது. எங்கள் பக்கத்தில் ஒரு தர்காச் சந்தனக்கூட்டில் நான் சுழற்றியதை மன்னாரிலிருந்து வந்திருந்த எருக்கலம்பிட்டி வியாபாரி உதுமான் லெவ்வை பார்த்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, மாப்பிள்ளை வந்து இறங்குகிற வாசலில் தீ சுழல வேண்டும் என்று ஆள் அனுப்பினார். நானும் என் மச்சான் காளிமுத்துவும் புறப்பட்டோம்.

தீச்சங்கிலி என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. கை நீளத்துக்கு இரண்டு இரும்புச் சங்கிலி. ஒரு முனையில் விரல் நுழைக்க வளையம். வளையத்துக்குக் கீழே, சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழலி. மறுமுனையில் இரும்பு ஆணியைச் சுற்றி இறுகச் சுருட்டி, கம்பி போட்டுக் கட்டிய துணிப்பந்து. அது மண்ணெண்ணெய் குடித்து எரியும். இவ்வளவும் இருந்தாலும் ஈரச்சாக்கோடு பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லாவிட்டால் செட்டு முழுமை ஆகாது. பந்தை மூடி அணைப்பது அவன். என் வேட்டியில் பொறி விழுந்தால் முதலில் பார்ப்பவன் அவன். பதினோரு வருஷமாக எனக்குச் சாக்குப் பிடித்தவன் காளிமுத்து.

முதல் நாள் கப்பலில் நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. சோளகக் காற்று பலமாக அடித்த காலம். கடல் ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. துணிப்பந்துகள் இரண்டையும் மூடி போட்ட தகரப்பெட்டியில் வைத்து மச்சான் மடியில் கொடுத்திருந்தேன். பாதிக் கடலில் அவன் முகம் வாழைப்பூ நிறத்துக்கு வந்தது. கைக்கு எட்டிய பாத்திரம் அதுதான். திறந்தான், குனிந்தான். நிமிர்ந்து, மூடியை ஒழுங்காக மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "மச்சான், இதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் வெட்கத்தில் பெட்டியோடு கடலில் எறிந்துவிட்டான். எதிரில் இருந்த ஒரு கருவாட்டு வியாபாரி, தன் பெட்டியை இழுத்துக் காலுக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தலைமன்னாரில் இறங்கியும் மச்சானுக்குத் தரை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு தேநீர்க் கடைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்தான். கடைக்காரர் இஞ்சி தட்டிப்போட்டுச் சாயத்தண்ணி கொடுத்து, கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் கொடுத்தார். எங்கள் ஊரில் தேநீருக்குள் சர்க்கரை போடுவோம். இங்கே சர்க்கரை கையில் இருக்கிறது, தேநீர் தனியாக இருக்கிறது, இரண்டும் வாய்க்குள்தான் சந்திக்கின்றன. மச்சான் அதையும் குடித்துவிட்டு, மறுநாள் கப்பலிலேயே திரும்புவதாகச் சொன்னான். "இன்னும் நாலு நாள் கழிச்சுத் திரும்பினா, இந்த நாலு நாளும் அந்தக் கடலை நினைச்சுக்கிட்டே கெடக்கணும். ஒரேயடியா முடிச்சிடறேன்." அதில் ஞாயம் இருந்தது. ஆக, பந்தும் போயிற்று, சாக்குக்காரனும் போனான். என்னிடம் மிஞ்சியது இடுப்பில் சுற்றியிருந்த இரண்டு சங்கிலி.

ரயிலில் அந்தச் சங்கிலிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். எவ்வளவு துடைத்தாலும் அவற்றில் மண்ணெண்ணெய் வாடை போகாது. கார்டு மூக்கை உயர்த்திக்கொண்டு பெட்டி முழுக்க நடந்தார். என் பக்கத்தில் நின்று சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அதே கருவாட்டு வியாபாரி பெயர்த்துச் சொன்னார்: "ஒண்டுமில்லை. உங்களுக்குக் கிட்ட இருந்து ஆரும் சுருட்டுப் பத்தப்படாதாம். உங்களை இறக்கவும் வேண்டாமாம், கலியாணத்துக்குப் போற முகமாம்." எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது. அந்த நேரத்தில் என் முகம் சாவு வீட்டுக்குப் போகிற முகமாகத்தான் இருந்திருக்கும்.

எருக்கலம்பிட்டியில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. உதுமான் லெவ்வை முதலாளி என்னைக் கட்டித் தழுவி, கதிரை போட்டு உட்காரவைத்து, இடியப்பமும் மீன்சொதியும் போடச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. துணிதானே, மன்னார்ப் பட்டினத்தில் கடை கடையாகத் துணி இருக்கிறது என்றார். சாக்குப் பிடிக்க ஆள்தானே, இந்த ஊரில் கை காலுள்ளவர்கள் இல்லையா என்றார். அவருக்கு ஒன்றுதான் மனதில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் புத்தளத்துக்காரர்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு இன்னின்னது உண்டு, உங்கள் ஊரில் என்ன உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தீ உண்டு என்று சொல்லிவிட்டார்.

"சொல்லிட்டன் அண்ணாவியார். இனி நீங்கதான் அதை உண்மையாக்கித் தரணும்" என்றார். கூத்து ஆசானுக்குச் சொல்கிற அந்தப் பேரை எனக்கு வைத்துவிட்டார்.

மறுநாள் விடியவே மாட்டுவண்டி பிடித்துப் பட்டினத்துக்குப் போனேன். வழியில் நடுரோட்டில் கழுதைக் கூட்டம். எங்கள் ஊர்க் கழுதை முதுகில் எப்போதும் அழுக்குமூட்டை இருக்கும். மன்னார்க் கழுதை யாருக்கும் சொந்தமில்லாத பெரிய மனுஷர் மாதிரி நிற்கிறது. வண்டிக்காரர் அதட்டவில்லை, அடிக்கவில்லை. அவை யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். எனக்கோ உள்ளங்கால் அரித்தது. இறங்கி நடந்தேன்.

நாலு கடை ஏறினேன். எல்லாம் மில் துணி. கஞ்சி போட்டு மொறமொறவென்று இருந்தது, உதறினால் வெளிச்சம் தெரிந்தது. தீப்பந்துக்கு அது ஆகாது. எண்ணெயைக் குடிக்காது, குடித்ததைப் பிடித்து வைக்காது, இரண்டு சுற்றில் துணியே எரிந்து துண்டு துண்டாகப் பறக்கும். கனத்த பருத்தி வேண்டும். பல தடவை நனைந்து பல தடவை காய்ந்து கஞ்சியெல்லாம் போன துணியாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் நாலாவது கடைக்காரர், "நீங்கள் கேட்கிறது துணியில்லை, வள்ளத்துப் பாய். பள்ளிமுனையில சந்தியோகுவைப் பாருங்கோ" என்றார்.

அப்படித்தான் பெருக்கமரத்தடிக்கு வந்தேன். முதலில் அவர் பழம்பாய்கள் கிடந்த குவியலைக் காட்டினார். எல்லாம் செம்மண் நிறம். பனிச்சங்காயை இடித்த சாற்றில் தோய்த்துத் தோய்த்து எடுத்தவை. உப்புக்காற்றில் இற்றுப்போகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ஒரு மூலையைக் கிழித்துப் பற்றவைத்துப் பார்த்தேன். பிசின் படபடவென்று வெடித்துப் பொறி கக்கியது. ஓலைக்கூரை போட்ட ஊரில் இதைச் சுழற்றினால் கல்யாணம் கருமாதி ஆகிவிடும்.

சாயம் ஏறாத பாய் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த வெள்ளைப் பாய். வருஷத்தில் ஒருநாள், அவர்கள் கிறிஸ்தவக் கோயில் திருநாளில், சுருபத்தை, அதாவது புனிதர் சிலையை, வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறபோது மட்டும் ஏற்றுகிற பாய். சுவாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்தது. இன்னும் எட்டு நாளில் திருநாள். அதைக் கேட்டுத்தான் ஒரு சாண்கூடத் தரமாட்டேன் என்ற அந்தப் பதிலை வாங்கிக்கொண்டேன்.

நான் விடவில்லை. எங்கள் ஊரில் வேதக்காரர்கள் பழைய குருத்தோலையை எரித்துச் சாம்பல் பூசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மந்திரித்த ஓலையை எரிக்கலாம், மந்திரித்த துணியை எரிக்கக்கூடாதா என்று கேட்டேன். ஊசி நின்றது.

"குருத்தோலையை எரிக்கிறது சுவாமியார். நீங்கள் சுவாமியாரோ?"

மரத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி றெஜினா அக்கா. தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாதாடுறதெண்டால் சாப்பிட்டிட்டு வாதாடுங்கோ தம்பி. இவர் வெறும் வயித்துக்காரரிட்டத் தோக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பலில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இன்னொரு வழி தேடினேன்.

துணியை எரிக்கவே போவதில்லை என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டுவதற்குள் என் தோள் துண்டில் ஒரு பட்டை கிழித்து, இறுகச் சுருட்டி, கம்பி போட்டு, றெஜினா அக்காவின் விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கித் தோய்த்து, பிழிந்து உதறி, பற்றவைத்தேன். ஐம்பது எண்ணும்வரை எரியவிட்டேன். ஈரமணலைப் போட்டு அணைத்து, ஆறவிட்டுப் பிரித்துக் காட்டினேன். மேல்சுற்று கருப்பு. இரண்டாவது சுற்று பழுப்பு. அதற்குள்ளே எல்லாம் முழுத்துணி, எண்ணெய் நாற்றம்தான். எங்கள் வேலையில் முக்கால் பங்கு இதுதான். எரிவது எண்ணெய். துணி எண்ணெயைக் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. எண்ணெய் தீருவதற்கு முன்னால் அணைத்துவிட வேண்டும். தீர்ந்த பிறகுதான் நெருப்பு துணிக்கு வரும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு பந்து மூன்று வருஷம் வரும்.

அவர் அந்தத் துணியை இழுத்துப் பார்த்தார், விரலால் நூல் பிரித்தார், முகர்ந்தார். பிறகு வெள்ளைப் பாயை மடியில் எடுத்து விரித்தார். அதன் அடியிலும் ஓரத்திலும் பலத்துக்காக நாலு விரல் அகலத்தில் பட்டை வைத்துத் தைத்திருந்தது. தையலைப் பிரித்தால் வெட்டாமலே தனியாக வரும்.

"எரிக்கத் தரேல்லை" என்றார். "இரவல் தாறன். திருநாளுக்கு முதல் இது ரெண்டும் திரும்பவும் இந்தப் பாயில இருக்கோணும். ஒரு சாண் குறைஞ்சாலும் பாய் காத்துப் பிடியாது, சுருபம் கடலுக்குப் போகாது. ஊர் என்னைத்தான் கேக்கும்."

மேல்சுற்றுக்கு வேறு துணி போடுவேன், உங்கள் பட்டை உள்ளேதான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். மேல்சுற்றுக்கு என்னிடம் நல்ல துணி ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு உடுத்தச் சொல்லி முதலாளி கொடுத்த பச்சைக்கரை வேட்டி, கனத்த கைத்தறி. எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி, முதலாளி வீட்டுக் கிணற்றடியில் மூன்று தரம் கஞ்சி போக அலசி, பாதியைக் கிழித்து, பட்டைகளைச் சுருட்டிய பந்துகளுக்கு மேல் சுற்றிக் கம்பி போட்டேன். கரையோடு இருந்த மறுபாதியைத் தலைக்கு வைத்துக்கொண்டேன்; சுழற்றும்போது முடியில் பொறி விழாமல் ஈரத்துணி கட்டிக்கொள்வது வழக்கம். துணியை வேலியில் காயப்போட்டபோது ஒரு கழுதை வந்து ஓரத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. மண்ணெண்ணெய் பிடிப்பதற்கு முன்னாலாவது வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் எருக்கலம்பிட்டி வெளியில், மணல் திட்டில், ஒத்திகை. சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாக நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரே ராத்திரி உப்புக்காற்றில் துரு பூத்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். முதலாளி சாக்குப் பிடிக்க ஆறு பேரை நிறுத்தியிருந்தார், எல்லாம் கட்டுமஸ்தான கடல்காரர்கள். ஒவ்வொருவராகப் பரீட்சித்தேன். தீ சுழலத் தொடங்கியதும் அவ்வளவு பேரும் வாயைத் திறந்து தீயைப் பார்க்கிறார்கள். நான் 'சாக்கு' என்று கூப்பிட்டால், "மாஷா அல்லாஹ், இன்னுங் கொஞ்சம்" என்கிறார்கள். தீயைப் பார்க்கிறவன் சாக்குக்கு ஆகமாட்டான். தீயின் அழகு ஆளைக் கட்டிப்போட்டுவிடும்.

ஒருவர் மட்டும் தீயைப் பார்க்கவில்லை. தன் பட்டைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கப் பள்ளிமுனையிலிருந்து நடந்தே வந்திருந்த சந்தியோகு அண்ணன். காற்றுக்கு மேற்புறமாக நின்று, கண் சிமிட்டாமல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து இரண்டு பந்தையும் மூடிவிட்டார். சரியாக எண்ணெய் தீருகிற நேரம். காளிமுத்துவுக்கு அந்தக் கணக்குப் பிடிபட நாலு வருஷம் ஆனது.

"நெருப்பு நிறம் மாறினது. சிவக்கத் தொடங்கினது" என்றார், ஏதோ குற்றம் கண்டுபிடித்தவர் மாதிரி.

நாளைக்கு நீங்கள்தான் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் பந்துகள் இரண்டும் ராத்திரி தன் வீட்டில்தான் இருக்கும் என்றார். துணி அவருடையது, கொடுத்தேன்.

நாலாம் நாள் கல்யாணம். காலையிலிருந்தே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோளகம் ஒரு நிமிஷம் நின்று, மறு நிமிஷம் பந்தல் ஓலையைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. நடு மத்தியானம் சகன் வைத்தார்கள்; பெரிய தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. எங்கள் ஊரில் இலைக்கு இலை எல்லை உண்டு. இங்கே எதிரில் இருந்த பெரியவர் தன் பக்கத்து இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தேங்காய்ப்பாலில் இனிப்பாக அவித்த வட்டிலப்பமும் வந்தது. நான் தட்டை விட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்மத்தியானம் அசருக்கு வருவதாகச் சொன்ன சந்தியோகு அண்ணன் அசர் தொழுகை முடிந்தும் வரவில்லை.

பொழுது விழுந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் வந்தார். பனையோலைப் பெட்டியைத் திறந்து பந்துகளை என் கையில் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். நான் போட்ட இரும்புக் கம்பியைக் காணோம். இரண்டு பந்தையும் மெழுகு பூசிய பாய்நூலால் தைத்திருந்தார். அவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததில்லை. எறும்பு வரிசை போல, ஒரே அளவில். கம்பி துருப்பிடித்தால் மந்திரித்த துணியில் கறை விழுமாம். அதனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்.

"அண்ணே, நூல் எரியுமே."

அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புயலில் நின்ற நூல், கடலில் இருபது வருஷம் ஏமாற்றாத நூல். நெருப்பை அவர் நினைக்கவில்லை. தையல்காரர் யாரும் நினைத்திருக்க மாட்டார்.

தெருமுனையில் றபான் கொட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. பையில் இருந்த கம்பியை எடுத்து இருவரும் குந்தி உட்கார்ந்து ஒரு பந்தைக் கட்டி முடித்தோம். இரண்டாவதற்குக் கம்பியை வளைக்கும்போது முதலாளியே ஓடிவந்துவிட்டார். மாப்பிள்ளை வந்தாயிற்று, குதிரைவண்டி திரும்புகிறது. நான் சந்தியோகு அண்ணன் காதில் சொன்னேன்: பாதி நேரம்தான் சுழற்றுவேன், நூல் தீப்பிடிப்பதற்குள் முடித்துவிடுவேன், கூப்பிட்டதும் வாருங்கள். அவர் சாக்கைக் கடல்தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு, காற்றுக்கு மேற்புறம் போய் நின்றார்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. தலைக்கு மேல், இடுப்பைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால். புத்தளத்துக்காரர்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள். முடிக்க வேண்டிய நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எங்கட ஊர்லயும் பாத்ததுதானே" என்று சொன்னது காதில் விழுந்தது. அங்கேதான் புத்தி கெட்டது. இன்னும் ஒரு சுற்று, அகலமாக ஒரு சுற்று என்று சங்கிலியை முழு நீளத்துக்கு விட்டேன்.

நூல் விட்டது. வலக்கைப் பந்திலிருந்து வேட்டித்துணி கழன்று ஒரு பக்கமாகப் பறந்து வெறும் மணலில் விழுந்தது. அதன் பின்னால் பட்டை அவிழத் தொடங்கி, ஒரு முழ நெருப்பு வாலாக நீண்டது. சங்கிலியை நிறுத்தினால் வால் என்மேல் விழும். சுழற்றினால் இன்னும் அவிழும். கூப்பிடத் தோன்றவில்லை. அதற்குள் சந்தியோகு அண்ணன் குனிந்தபடி வட்டத்துக்குள் வந்துவிட்டார். காற்றில் படபடக்கிற பாயின் நுனியை எப்படிப் பிடிப்பாரோ அப்படி, வால் கீழே வருகிற கணத்தில் சாக்கை விரித்து வாங்கி, அதன்மேலேயே விழுந்து படுத்தார்.

இடக்கைப் பந்தை மணலில் இறக்கி அணைத்தேன். அவர் எழுந்தபோது முன்கை மயிர் பொசுங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. கூட்டம் ஆரவாரித்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் முன்னால் வந்து, வால் விட்ட தீயைத் தான் எங்குமே கண்டதில்லை என்றும், இன்னொரு தரம் காட்ட முடியுமா என்றும் கேட்டார். உதுமான் லெவ்வை முதலாளி கண்கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது, சந்தியோகு அண்ணன் சாக்கோடு சுருட்டிய பந்துகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் எனக்குக் கப்பல். விடியவே பள்ளிமுனைக்கு நடந்தேன். கழுதைகள்கூட வழிவிட்டன. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எதுவும் நன்றாக இல்லை.

அவர் பெருக்கமரத்தடியில் இருந்தார். இரண்டு பட்டைகளும் பிரித்து, சாம்பல்தண்ணீரில் வெளுத்து, மணலில் விரித்துக் கல் வைத்திருந்தது. கம்பி கட்டியது முழுசாக இருந்தது, இலேசான மஞ்சள் மட்டும். மற்றதின் நுனி கருகிப் போயிருந்தது. கருகியதை வெட்டிவிட்டு அவர் விரலை விரித்து அளந்துகொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் முதலிலிருந்து மறுபடி அளந்தார். ஒரு சாண் குறைந்தது.

றெஜினா அக்கா வாசலில் நின்று, திருநாளன்று சுருபத்துக்கு மண்ணெண்ணெய் மணக்கப் போகிறது என்றார். அதற்கு அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

நான் மணலில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். நூல் விட்டது அவர் குற்றமில்லை, பாதியில் நிறுத்துவதாகச் சொன்னவன் நான், ஒரு மனுஷர் சொன்ன ஒரு பேச்சுக்காக இன்னொரு சுற்றுப் போனவன் நான். வேண்டுமானால் நானே அந்தச் சுவாமியாரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். பொசுங்கிய முன்கையைத் தடவிக்கொண்டார். சோளகம் நின்றிருந்தது.

"நூலைப் போட்டது நான்" என்றார். பிறகு என் தோளைக் காட்டி, "அதைத் தாங்கோ" என்றார்.

தோளில் கிடந்தது தலைக்குக் கட்டிய பாதி வேட்டி. கொடுத்தேன். அவர் அதை உதறி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவைப் பார்த்தார். கரையோரமாக ஒரு சாண் அளந்து, பல்லால் கடித்துத் தொடக்கம் எடுத்து, நேராகக் கிழித்தார். பட்டையின் குறைந்த நுனியோடு அதைச் சேர்த்து, பச்சைக்கரை வெளியே தெரிகிற மாதிரி மடித்து, வெள்ளைப் பாயை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, தோல்பட்டையை உள்ளங்கையில் மாட்டித் தைக்கத் தொடங்கினார்.